பதினாலாம் பக்கத்துப் புள்ளி

ஆசீர்வாதம் இறந்துபோன செய்தி எனக்குத் திருநின்றவூர் ரயில் நிலையத்தில் வந்தது. காலை வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். காக்களூர்ப் பட்டறையில் அவரோடு வேலை செய்த கோபால் என்னைத் தேடிக்கொண்டு நடைமேடையின் கோடிவரை வந்தார். "நம்ப ஃபிட்டர் போய்ட்டாரு சார். நேத்து மத்தியானம் நல்லா பேசிக்கினு இருந்தவரு, மார வலிக்குதுன்னு ஒக்காந்தாரு. அவ்ளோதான்" என்றார். என் வண்டி வந்தது, போயிற்று. நான் ஏறவில்லை.

அவரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் ஒரு வரி. மின்வேலை பழகுகிறவர்களுக்கு நான் எழுதிய புத்தகம் உங்களில் யார் வீட்டிலாவது இருந்தால், பதினாலாம் பக்கத்தை எடுங்கள், புதிய பதிப்பானால் இருபதாம் பக்கத்தை. மேலே பென்சிலால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: "முதலில் மெயினை அணை. அப்புறம் கை வை." நினைவஞ்சலியில் இது என்ன கூத்து என்று நீங்கள் கேட்கலாம். ஆபத்தைக் கடைசியில் சொல்லுகிறவனை ஆசீர்வாதத்துக்கு அறவே பிடிக்காது. அவரைப் பற்றிய கட்டுரையிலாவது அந்த வரி முதலில் வந்துவிடட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நம் வாசகசாலையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒருவர் மாற்றி ஒருவர், அவருக்குப் புத்தகம் என்றால் உயிர் என்று பேசினீர்கள். யாரப்பா சொன்னது? கையில் எடுத்த புத்தகங்களில் பாதிக்கு மேல் அவருக்குப் பிடிக்கவே பிடிக்காது. திட்டிக்கொண்டே படிப்பார். கதைப் பக்கம் போகவே மாட்டார். கோழி வளர்ப்பு, தையல், சைக்கிள் ரிப்பேர், கிணற்று மோட்டார், ரேடியோ என்று 'எப்படிச் செய்வது' வகைப் புத்தகங்கள்தான். ஐந்தாம் வகுப்பு வரை படித்த மனிதர். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அவருக்குத் தெரிந்த தொழில் அத்தனையும் பட்டறையிலும் இந்த மாதிரிப் புத்தகங்களிலும் கற்றதுதான். அதனால் ஒரு புத்தகம் ஏமாற்றினால் கூலியைப் பிடித்துவைத்துக்கொண்ட முதலாளியைப் பார்ப்பதுபோல் அதைப் பார்ப்பார்.

என் புத்தகமும் அவர் கையில் அப்படித்தான் மாட்டியது. ஊருக்கு ஊர் கரண்ட் வந்துகொண்டிருந்த காலம் அது. நான் வயர்மேனாக இருந்து மேசை வேலைக்குப் போனவன். மதராஸில் ஒரு பதிப்பாளர் கேட்டார், எழுதிக்கொடுத்தேன். ஒரு நாள் வாசகசாலையில் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் பென்சில் புள்ளி. யார் இந்த வேலையைச் செய்தது என்று கத்தினேன். சன்னலோரம் இருந்த ஒருவர் எழுந்து வந்து, எழுதினது நீதானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். புள்ளி வைத்த இடமெல்லாம் விரல் நின்ற இடம் என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அப்புறம்தான் உட்கார வைத்து விளக்கினார். புதிதாகப் படிக்கிறவர்கள் வரியின்மேல் விரல் வைத்துப் படிக்கிறார்கள். புரிந்தால் விரல் ஓடும். புரியாவிட்டால் நிற்கும், கொஞ்சம் பின்னால் போகும், மறுபடி நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை ஆட்கள், செங்கல் சூளை ஆட்கள், பழவேற்காட்டிலிருந்து மீன் கூடையோடு வந்துவிட்டு வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள் என்று யாராவது வாசகசாலைக்கு வருவார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வாயே திறக்காமல், விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார் ஆசீர்வாதம். நின்ற இடத்தில் பிறகு ஒரு புள்ளி. புரிந்ததா என்று கேட்கவே மாட்டார். கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள், மானம் போய்விடுமே!

எனக்குச் சுருக்கென்றது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு போய்விட்டேன். ஆனால் அடுத்த ஞாயிறும் போனேன், அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அங்கே நான் பார்த்ததை எந்தப் பேராசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. பதினொரு பக்க முன்னுரையை ஒருவரும் படிக்கவில்லை. இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்து ஒரே புரட்டு. சுவிட்சு மாட்டுவதற்கு முன்னால் நான் மின்சாரத்தின் பெருமையைப் பாடியிருந்த இடத்தில் ஒருவர் கொட்டாவி விட்டார். 'மேலே கூறியவாறு' என்று எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது, மேலே போனது, தேடியது, புத்தகம் மூடப்பட்டது. படம் ஒரு பக்கம், அதற்கான பேச்சு நாலு பக்கம் தள்ளி. அங்கேயும் நின்றது. எது பிடித்தது தெரியுமா? என்னென்ன சாமான் வாங்க வேண்டும் என்ற பட்டியல். உள்ளங்கை அகலப் படம். தப்பாகச் செய்தால் என்ன ஆகும் என்று நான் போகிற போக்கில் எழுதியிருந்த இரண்டே வரிகள். அதைப் பக்கத்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டினார்கள்.

ஒரு சொல்லின் மேல் அவருக்குத் தீராத கோபம். "சுலபம்னு எழுதாத வாத்தியாரே" என்றார் ஒருநாள். "சுலபம்னு நீ சொல்லிட்டு அவனுக்கு வர்லேன்னா, அவன் புஸ்தகத்த திட்டமாட்டான். தன்னத்தான் திட்டிக்குவான்." அன்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

எளாவூரில் செக்போஸ்ட் பக்கம் முனிரத்தினம் என்பவர் டீக்கடை வைத்திருந்தார். லாரிக்காரர்கள் நாஷ்டாவுக்கு நிற்கிற கடை. அவருக்கு என் புத்தகத்தைத் தன் பெயரில் வாசகசாலையிலிருந்து எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தவர் ஆசீர்வாதம்தான். கடை விளக்கின் ஹோல்டர் கெட்டுப்போனது. முனிரத்தினம் பதினாலாம் பக்கத்தைத் திறந்துவைத்து, ஒரு விரல் வரியிலும் மறு கை வேலையிலுமாக, நான் எழுதியபடியே செய்தார். சுவிட்சை அணை என்று எழுதியிருந்தேன், அணைத்தார். பழைய ஒயரிங்கில் அது மட்டும் போதாது, மெயினையும் அணைக்க வேண்டும். அதையும் நான் எழுதித்தான் இருந்தேன். எங்கே? தொண்ணூறாம் பக்கத்தில், 'பாதுகாப்பு விதிகள்' என்ற கடைசி அத்தியாயத்தில். இங்கிலீஷ் புத்தகங்களில் அப்படித்தான் தனி அத்தியாயமாகப் போட்டிருந்தார்கள். எனக்கும் அது லட்சணமாகத் தெரிந்தது. வரிக்கு வரி விரல் வைத்துச் செய்கிற மனிதன் தொண்ணூறாம் பக்கத்துக்கு எப்போது வருவான்? கரண்ட் தூக்கி அடித்ததில் முனிரத்தினம் டீ பாய்லர்மேல் விழுந்தார். வலது கையில் மூன்று விரல்கள் மடங்கியே போயின.

நாங்கள் இருவரும் பார்க்கப் போனோம். என் சட்டையைப் பிடித்து உலுக்குவார் என்று எதிர்பார்த்தேன். முனிரத்தினம் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "புஸ்தகத்துல தப்பில்ல நைனா. எனக்குத்தான் படிப்பு பத்தல" என்றார். ஆசீர்வாதம் என்னைத் திரும்பிப் பார்த்தார். தன்னைத்தான் திட்டிக்கொள்வான் என்று அவர் அன்று சொன்னதை அந்த மனிதர் செய்தே காட்டிவிட்டாரே.

பதிப்பாளரிடம் போனேன். இன்னும் விற்காத பிரதிகளில் ஒரு துண்டுச் சீட்டாவது ஒட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். சீட்டு ஒட்டினால் புத்தகத்தில் தப்பு என்று நாமே ஊருக்குத் தண்டோரா போட்டதாகும் என்றார். விதி இருக்கிறது, படிக்காதவன் விதியைப் படிக்காவிட்டால் நாம் என்ன செய்வது என்றார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று படிக்காதவர்கள் சொல்லிவைத்ததற்கு, இந்த மாதிரிச் சுரைக்காய் வியாபாரிகள்தான் காரணம். அவரை இன்றைக்குத் திட்டுகிறேன். அன்றைக்கு அவர் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்து ஆசீர்வாதத்திடம் சொன்னேன். ஒரு தாளை நீட்டி, அந்த வரியை உன் கையாலேயே எழுது என்றார். எழுதிக் கொடுத்தேன். அதைப் பார்த்து அவர் சீட்டுச் சீட்டாக எழுதினார். அவர் மனைவி எஸ்தர் மைதாப் பசை காய்ச்சிக் கொடுத்தார். வாசகசாலைப் பிரதிகள் இரண்டிலும் ஒட்டினார். பிறகு திருவள்ளூர்க் கடைத்தெரு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பஸ் நிறுத்தக் கடைகள் என்று லீவு நாளிலெல்லாம் பசைக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். கடைக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் ஒட்டினார். அந்தச் சீட்டு இன்னொருவரின் விரலைக் காப்பாற்றியதா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரிய வழியில்லாத வேலை அது.

பதிப்பாளருக்குத் தகவல் போயிற்று. வாசகசாலைப் புத்தகங்களைப் பாழாக்கியதாக விசாரணை வைத்தீர்கள். ஆம், உங்களைத்தான் சொல்கிறேன், அன்று கமிட்டியில் இருந்த நீங்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். பதிப்பாளரும் வந்திருந்தார். ஆசீர்வாதத்தை நிற்கவைத்தீர்கள், எனக்கு நாற்காலி போட்டீர்கள். இந்தச் சீட்டில் உள்ளது நீங்கள் எழுதிக்கொடுத்ததா என்று தலைவர் என்னைக் கேட்டார். என் இரண்டாவது புத்தகம் அப்போது அச்சில் இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். பொய் சொன்னேன்.

நான் எழுதிக்கொடுத்த தாள் ஆசீர்வாதத்தின் சட்டைப் பையில்தான் இருந்தது. மடிப்பு வெளியே தெரிந்தது. எடுத்து மேசைமேல் போட்டிருந்தால் தீர்ந்தது. அவர் கை அந்தப் பக்கமே போகவில்லை. இனி வாசகசாலைக்குள் வரக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னீர்கள். சரி என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அதன்பிறகு இரண்டு மாதம் நான் அவர் கண்ணில் படாமல் ஒளிந்து திரிந்தேன். கடைசியில் பஸ் நிறுத்தத்தில் பிடித்துவிட்டார். "பயந்துட்ட வாத்தியாரே. பயம் எல்லாருக்கும் கீது, வுடு" என்றார். "அட்த்த பதிப்புல அந்த லைன மட்டும் மொதல்ல போட்டுடு." தலையாட்டினேன். அடுத்த பதிப்பும் வந்தது. அட்டையை மாற்றினார்கள், இன்னொரு பெரிய மனிதரின் முன்னுரையைச் சேர்த்தார்கள். அந்த வரி தொண்ணூறிலிருந்து தொண்ணூற்றாறுக்குப் போயிற்று. நான் ஒருமுறை கேட்டேன், மறுமுறை கேட்கவில்லை. அதற்குமேல் ஆசீர்வாதமும் என்னைக் கேட்கவில்லை. வழியில் பார்த்தால் சாப்பிட்டாயா என்பார், நகர்ந்துவிடுவார்.

இப்போது அவர் படத்துக்கு அதே கூடத்தில், அவரை நிற்கவைத்த அதே இடத்தில், ரோஜா மாலை. வாசகசாலையின் தூண் என்றார் தலைவர். தூணை வெளியே பிடுங்கிப் போட்டவர்கள் யார்? இருக்கும்போது கஞ்சி ஊற்றாதவன் செத்தபின் பாலூற்ற வந்த கதைதான். அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில், கையில் மாலையோடு நானும்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆண்டு மலருக்கு ஒரு அஞ்சலி எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதினேன். கொடுப்பதற்கு முன் எஸ்தரிடம் காட்டவேண்டும் என்று தோன்றியது. போன சனிக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போனேன். பைபிளை எழுத்துக் கூட்டிப் படித்துப் பழகியவர். தாள்களை வாங்கிப் பாயில் பரப்பிக்கொண்டு, விரலை வைத்துப் படிக்கத் தொடங்கினார். நான் வாயைத் திறக்கவில்லை. விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். விரல் ரயில் நிலையம் வந்த வரியைத் தாண்டியது. எளாவூரைத் தாண்டும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார், விரல் ஓடியது. விசாரணைக்கு வந்தது. அங்கே நின்றது. பின்னால் போயிற்று, மறுபடி வந்து அங்கேயே நின்றது.

'அன்றைய சூழ்நிலை காரணமாக உண்மையை எடுத்துரைக்க இயலாத நிலை எனக்கு ஏற்பட்டது' என்று எழுதியிருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறேன்.

"இதுக்கு இன்னாண்ணா அர்த்தம்?" என்று கேட்டார் எஸ்தர்.

"நான் பொய் சொன்னேன்னு அர்த்தம்மா."

"அப்ப அத்தயே எழுதிடேன்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அலமாரியிலிருந்து ஆசீர்வாதத்தின் பென்சிலை எடுத்து அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து படித்தார்.

அந்த வரியை அடித்துவிட்டு, மேலே நீங்கள் படித்த 'பொய் சொன்னேன்' என்ற இரண்டு சொற்களை எழுதினேன். மலரில் இதைப் போடுவீர்களோ மாட்டீர்களோ, உங்கள் இஷ்டம். மெயினை அணைக்கச் சொல்லும் வரி முதலில் வராமல் இனி ஒரு பிரதி அச்சானாலும் என் பெயரை அட்டையிலிருந்து எடுத்துவிடு என்று பதிப்பாளருக்கு எழுதிவிட்டேன். ஏழு வருஷம் தாமதம். எஸ்தர் புள்ளி வைத்த அந்தத் தாளை உங்களுக்குத் தரவில்லை, வேறு தாளில் பிரதியெடுத்துவிட்டு நானே வைத்துக்கொண்டேன். அடித்த வரியும் அதன் ஓரத்தில் அந்தப் புள்ளியும் அதில் இருக்கின்றன. ஆசீர்வாதத்திடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான்.