கலவாய் கூடும் இடம்

கத்தி எதிலோ தட்டியது. எலும்பில்லை என்று கை சொன்னது. கலவாயின் வயிற்றுக்குள் விரலை விட்டு, சினைக்கு நடுவிலிருந்து அதை எடுத்தேன். சுண்டுவிரல் நுனியளவு கறுப்புக் குழாய். மீனின் தோலில் ஆறிப்போன தையல் தழும்பு. மீன் வாங்கக் கடைக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா, "சினையையும் சேர்த்துக் கட்டுங்க முதலாளி" என்றார். அது யார் போட்ட தையல் என்று எனக்குத் தெரியும்.

நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர் வரிசை வீட்டில், பிறந்தவன். பள்ளிக்கூடம் எனக்கு ஒட்டவில்லை. தலையில் மீன் கூடையோடு லயம் லயமாக ஏறி இறங்கியவனுக்கு இன்று பதுளை பஜாரில் சொந்தக் கடை, சொந்த லொறி. என்னைப் போல் மீன் பார்த்து வாங்குகிறவன் ஊவா மாகாணத்திலேயே இல்லை. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. அதே லயத்திலிருந்து படித்து மேலே போனவள் என் தங்கச்சி மகள். கடல் மீன் ஆராய்ச்சி. அவள் படிப்புக்கு நான் செய்ததைவிட, அதைச் சொல்லி மார்தட்டியதுதான் அதிகம்.

ஒரு நாள் என் கடையிலேயே, செத்த மீன் ஒன்றில் அந்தத் தையலைப் போட்டுக் காட்டினாள். "உசிரோட இருக்கிறத மயக்க மருந்துத் தண்ணியில படுக்க வெச்சுத்தான் செய்வோம் மாமா." வயிற்றில் சின்னக் கீறல், உள்ளே குழாய், மேலே தையல். அந்தக் குழாய் நமக்குக் கேட்காத சத்தம் போட்டுக்கொண்டே இருக்குமாம். கடலுக்கடியில் பவளப்பாறைகளில் கட்டிவைத்த கருவிகள் அதைக் கேட்டு, எந்த மீன் எப்போது கடந்து போனது என்று பதிந்து வைக்குமாம். "என்ன நோனா, மீனுக்குப் பிரசவமா?" என்று மீன் வாங்க வந்த ஒருவர் அவளைக் கேட்டார். "ஆமாங்க, தாயும் சேயும் சுகம்" என்றாள். கடையே சிரித்தது.

அன்று சாப்பிடும்போது நான் துருவித் துருவிக் கேட்டதால்தான் சொன்னாள். அவள் வேலை செய்கிற கடல் பக்கத்துக் கலவாய் எல்லாம் அமாவாசையை ஒட்டி முட்டையிட ஒரே இடத்தில் கூடுகின்றன. ஒரு பிளந்த பாறையின் அடியில். "அந்த இடத்துல யாரும் மீன் பிடிக்கக் கூடாதுன்னு சட்டம் போடச் சொல்லி எழுதப் போறோம். அதுவரைக்கும் வெளிய சொல்லிடாதீங்க மாமா."

கொஞ்ச நாளில், எனக்கு மீன் அனுப்புகிற படகுக்காரர் அதே கரையிலிருந்து கடைக்கு வந்தார். "மலையில பொறந்த ஆளுக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்? நீங்க தேயிலைக்குள்ள தூண்டில் போடுங்க முதலாளி" என்றார். கடை நிறைய ஆட்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஒங்க கடல்ல கலவாய் எங்க கூடுதுன்னு ஒங்களுக்கே தெரியாது. எனக்குத் தெரியும்." பாறையைச் சொன்னேன். அமாவாசையையும் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தி, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்து போனார். அவரை வாயடைக்க வைத்துவிட்டதாக அன்று முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அடுத்த அமாவாசை கழிந்ததும் என் லொறியில் கலவாய் வந்து குவிந்தது. எல்லாம் சினை மீன். கத்தி தட்டிக்கொண்டே இருந்தது.

ஆளனுப்பிச் சொன்னதும் வந்தாள். குழாய்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துணியில் வைத்தாள். "எவனோ மோப்பம் பிடிச்சிட்டான் பாப்பா" என்றேன். அந்த வயதிலும் எனக்குப் பொய் வந்தது.

"நான் ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன் மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசித் தப்பியிருப்பேன்.

இப்போதும் வருகிறாள். மாமி கையால் சாப்பிடுகிறாள், என் சுகம் விசாரிக்கிறாள். வேறு கடலோரத்தில் வேலையாம். எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. போன தடவை கடையில் நாலு பேர் இருக்கும்போது பழைய பழக்கத்தில் கேட்டுவிட்டேன்: "என்ன பாப்பா, ஒன் மீனெல்லாம் இப்ப எங்க இருக்கு?"

"கடல்ல இருக்கு மாமா" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன்.