பை கழன்று விழ வேண்டுமென்று எனக்காக ஜெபிக்காதீர்கள்

எங்கள் சபையில் கடைசி பெஞ்சு, வாசலை ஒட்டிய ஓரம். பல வருடங்களாக அதுதான் என் இடமாக இருந்தது. பெருங்குடல் முழுவதும் புண். ரத்தமும் சளியுமாகப் போகும். வயிறு எப்போது முறுக்கும் என்று தெரியாது. முறுக்கினால் ஓடியே ஆக வேண்டும். கிழக்கேகோட்டையில் நான் வேலை பார்க்கும் துணிக்கடையில், விரித்த சேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன். போய்ச் சேருவதற்குள் உடை நனைந்த நாளும் உண்டு. அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்று அழுதேன்.

அழுது முடித்ததும் வேறொன்று கேட்டேன். "ஒரே ஒரு ஆராதனையில், முதல் பாட்டிலிருந்து கடைசி ஆசீர்வாதம் வரை எழும்பாமல் இருக்க வேண்டும். அது போதும்." தினமும் இதைத்தான் கேட்டேன். வாசிக்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

எந்த மருந்துக்கும் நோய் கேட்கவில்லை. பெருங்குடலை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலது பக்கம் வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பை ஒட்டுவார்கள். கழிவு அதில் சேரும். பயந்துபோனேன். என் கணவர் எட்வின்தான் கையைப் பிடித்துக்கொண்டார். "பேடிக்காத லீலா. எனக்கு ஒனக்க உயிரு மிஞ்சினா போரும்." இருவரும் ஜெபித்துவிட்டுச் சம்மதம் சொன்னோம்.

உடம்பு தேறி ஆராதனைக்குப் போன அன்று முன் வரிசையில் உட்கார்ந்தேன். பாட்டு, ஜெபம், போதகர் ஐயர் எப்போதும் போல நீட்டிய பிரசங்கம், காணிக்கை, கடைசி ஆசீர்வாதம். நான் எழும்பவேயில்லை! ஆண்கள் பக்கத்தில் எட்வின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்டது கிடைத்துவிட்டது.

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லும் இந்தச் சாட்சி இதோடு முடிந்திருக்க வேண்டும். முடிய விட்டார்களா?

எங்கள் ஜெபக்குழுவை நடத்தும் ரோஸ்லெட் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பை இன்னும் இருக்கா மக்ளே? அப்பம் முழு சொகம் கெடைக்கல்லல்லா. உவாசம் இருந்து செபிச்சா அது தன்னால களண்டு விழும், கேட்டியா."

கழன்று விழுந்தால் சேலையெல்லாம் நாசமாகும். வேறென்ன நடக்கும்? ஆனால் விசுவாசமில்லாதவள் என்ற பெயர் வந்துவிடுமே. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனேன், சொட்டுத் தண்ணீர் குடிக்காமல்.

உடம்புக்கு வேண்டிய தண்ணீரையும் உப்பையும் பிடித்து வைப்பது பெருங்குடல். அது இல்லாத எனக்கு எல்லாம் பையில் இறங்கிவிடும். மதியத்துக்குள் கால் நரம்புகள் இழுத்தன. கண் இருட்டியது. பாட்டுக்கு நடுவில் சரிந்தேன். ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று கைதட்டினார்கள்! பின்னால் இருந்த எட்வின்தான் ஓடி வந்து, வறண்டு கிடந்த என் நாக்கைப் பார்த்துவிட்டு, தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றிய, ஆபரேஷனின்போதும் என்னைக் கவனித்த மலையாளி நர்ஸ் என்னைத் திட்டித் தீர்த்துவிட்டார். "உப்பிட்ட கஞ்சிவெள்ளம் குடிச்சோண்டே இருக்கணும்னு ஞான் பறஞ்சதல்லே சேச்சி? தெய்வம் தந்ந ஜீவனல்லே இது!" தெய்வம் தந்த உயிர் என்பது அவருக்குத் தெரிகிறது. என் சபைக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபின் சாட்சி சொல்ல நேரம் கேட்டேன். "முழு சொகம் கெடச்ச பெறவு சொல்லலாம் மக்ளே" என்றார் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆண்டவர் செய்ததைப் பாதிதான் என்று அளக்க இவர்கள் யார்? டாக்டரின் கையைக் கொண்டு செய்தால் அது அற்புதமில்லையா? இப்போது பொழுது முழுவதும் கடையில் நிற்கிறேன். பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன். மீன்குழம்புச் சோற்றை நிதானமாக மென்று சாப்பிடுகிறேன். பையை நானே கழுவுகிறேன், நானே மாற்றுகிறேன். இது சுகமில்லையென்றால் எது சுகம்?

அடுத்த உபவாச ஜெபத்துக்கு ஒரு பிளாஸ்க் நிறைய உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரோடு போனேன். முன் வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கக் குடித்தேன்.

"இது உவாச செபமாக்கும்" என்றார் அக்கா.

"எனக்கும் செபந்தான் அக்கா. இதக் குடிச்சாத்தான் செபிக்க எனக்க ஒடம்புல சீவன் இருக்கும்."

சாட்சி நேரத்தில் யாரையும் கேட்காமல் எழும்பினேன். இங்கே எழுதியிருப்பதைச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. கூட்டம் கலைந்தபோது கடைசி பெஞ்சின் வாசல் ஓரத்திலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, எனக்கும் இதே ஆப்பரேசன்தான் சொல்லியிருக்கு. பயந்துட்டு உவாசம் இருந்துட்டிருக்கேன். அந்தப் பைய ஒருக்கா காட்டித் தருவியளா?"

உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். நாளை அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

வாசல் ஓரத்தில் வேதனையோடு உட்கார்ந்திருக்கிறவர்களே, ஆண்டவரை நம்புங்கள். நம்பி டாக்டரிடம் போங்கள். முன் வரிசையில் என் பக்கத்தில் உங்களுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறேன்.