வீரலட்சுமி அத்தையின் உயிலும் என் சாட்சிக் கையெழுத்தும்

வீரலட்சுமி அத்தை இறந்த செய்தியை அண்ணன்தான் சொன்னான். நான் மதுரையில் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "அத்தை போயிட்டாக தம்பி. வெரசா போடிக்கு வா" என்றவன், அடுத்த மூச்சிலேயே, "அந்த உயில் எங்க இருக்கு?" என்று கேட்டான். நான் கோபப்பட்டிருக்க வேண்டும். "தெரியலண்ணே" என்று மட்டும் சொன்னேன். போடி வந்து சேரும்வரை பஸ்ஸில் நான் நினைத்ததும் அத்தையை அல்ல, அவருடைய தோட்டத்தைத்தான். அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு அவரைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

குரங்கணிக்கு மேலே ஏலமும் காப்பியும் விளையும் அந்தத் தோட்டத்தைத் தாத்தா அத்தைக்கு எழுதிவைத்தார். கீழே இருந்த வயல்கள் என் அப்பாவுக்கு. கடைசி மகள் பாக்கியத்துக்கு ஒன்றுமில்லை. கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த கிறித்தவக் குடும்பத்துப் பையனை அவர் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டதற்குத் தண்டனை அது. எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கடையில் சாமான் வாங்கியதில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு, பாக்கியம் சின்னத்தையைப் பார்க்காதது போல் நடந்து வருவோம். இளம் வயதிலேயே கணவரை இழந்து, பிள்ளையும் இல்லாமல் தோட்டத்தைத் தனியாக நடத்திய வீரலட்சுமி அத்தை மட்டும், ஏலக்காய் மூட்டைகளை விற்க போடிக்கு வரும்போதெல்லாம் ஜீப்பைத் தங்கை கடை முன்னால் நிறுத்தச் சொல்வார்.

ஒருமுறை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியவர், அண்ணனையும் என்னையும் தோட்டத்து வீட்டுக்கு அழைத்தார். சாப்பாடு முடிந்ததும், "எனக்கப்புறம் யாருக்கு என்ன வேணும்? கூச்சப்படாம சொல்லுங்கப்பா" என்றார். அண்ணன், "நீங்க நல்லா இருந்தா போதும் அத்தை" என்றான். நான், "ஆண்டவன் புண்ணியத்துல எங்களுக்கு ஒரு குறையும் இல்ல" என்றேன். அத்தை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. அப்ப என் சோலி லேசாப் போச்சு" என்றார். எல்லோரும் சிரித்தோம். மலையிறங்கும்போது ஜீப்பில் அண்ணனும் நானும் ஓடைப் பக்கம் யாருக்கு, மேட்டுப் பக்கம் யாருக்கு என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தோம்.

பிறகொரு நாள், "உயில் எழுதியாச்சு மாப்ளே. நீ வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும்" என்று பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு வரச் சொன்னார். சாட்சியாக நிற்பவனுக்குப் பொதுவாக உயிலில் பங்கு வைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். பேனாவை வாங்கும்போது என் முகம் தானாகவே சுருங்கியது. அத்தை அதைப் பார்த்துவிட்டார். "இப்ப வேணும்னு தோணுதாக்கும்?" என்று மெதுவாகக் கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "இல்ல அத்தை" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். தோட்டம் முழுவதும் பாக்கியம் சின்னத்தைக்கு.

வெளியே வந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டுத் தரச் சொன்னார். "பெரியவனே, தோட்டத்தப் பாக்கியத்துக்கு எழுதிட்டேன். அவ பங்கையும் சேத்துத்தான் இத்தன வருசமா நான் தின்னேன். நான் செத்தப்புறம் நீ கோவப்பட்டா பதில் சொல்ல நான் இருக்க மாட்டேன். திட்டுறதுன்னா இப்பத் திட்டு." ஸ்பீக்கரில் அண்ணன், "உங்க இஷ்டம் அத்தை" என்றான். போனை என்னிடம் கொடுத்த அத்தை, "உசுரோட இருக்கையிலயே சொல்லிரணும். தாளு சண்டைக்குப் பதில் பேசாது" என்றார்.

அத்தையின் உடல் கூடத்தில் கிடக்க, அண்ணன் என்னைப் பின்வாசலுக்கு அழைத்துப் போனான். "அத்தைக்கு அப்பவே புத்தி சரியில்லன்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும். இன்னொரு சாட்சி செத்துட்டாரு. வக்கீல்கிட்டப் பேசிட்டேன்." முடியாது என்று நான் சொல்லவில்லை. "பாப்போம்ணே" என்றேன். அந்தச் சொல்லை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

கருமாதியன்று சொந்தக்காரர்கள் முன்னால் அண்ணன் பேச்சை எடுத்தான். "சாட்சி போட்டவனே இருக்கான், அவனக் கேளுங்க" என்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கியம் சின்னத்தை உள்ளே வரத் தயங்கி வாசற்படியில் நின்றிருந்தார். "அத்தை தெளிவாத்தான் இருந்தாக. என்ன எழுதுறோம்னு தெரிஞ்சுதான் எழுதினாக" என்றேன். அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டான். இதுவரை வழக்கு எதுவும் போடவில்லை. என்னோடு பேசுவதும் இல்லை. நல்லது செய்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. சின்னத்தை அங்கே நின்றிருக்காவிட்டால் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கே தெரியாது.

ஊருக்குத் திரும்பும் முன் முதன்முறையாகச் சின்னத்தையின் கடைக்குப் போனேன். தோட்டத்தைப் பற்றிக் கேட்பார் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "அக்கா கடைசியா என்னப்பா சாப்பிட்டா?"

எனக்குத் தெரியவில்லை. அத்தை இறந்த நாளிலிருந்து உயிலைப் பற்றிப் பேசாதவர்கள் எங்கள் வீட்டில் யாருமில்லை. இதை ஒருவரும் கேட்கவில்லை. கடையை விட்டு வெளியே வந்து, தோட்டத்தில் அத்தைக்குத் துணையாக இருந்த பெண்ணிடம் போனில் விசாரித்தேன். மறுபடி உள்ளே போய், "ரசஞ்சோறு சின்னத்தை. பாதிதான் சாப்பிட்டாகளாம்" என்றேன்.

சின்னத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "உக்காரு, காப்பி கொண்டாறேன்" என்றார்.

அத்தையிடமிருந்து எனக்குச் சொத்து எதுவும் வரவில்லை. அவர் போகச் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்த அந்தக் கடையும், அங்கே பதில் தெரியாமல் நான் நின்ற நிற்பும்தான் அவர் வழியாக எனக்கு வந்தவை. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.