மிச்சம் வைத்த மூச்சு

சித்தி கிளம்பிப் போனது ஒரு வியாழக்கிழமை, காலை பதினோரு மணிக்கு. அன்றைக்கும் பேருந்திலும் சலூனிலும் பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலும் அவள் குரல்தான் பாடிக்கொண்டிருந்தது. கையில் ஒரு துணிப்பை. பேச்சையே துறந்த பெண்கள் வாழும் மடத்தில் சேரப் போகிறாள். அங்கே சேருகிறவர்கள் தங்களுடையது என்று வெளியில் எதையும் விட்டுவைக்கக் கூடாது.

அப்பா ஒலிப்பதிவாளர். சித்தியின் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை எங்கள் வீட்டுப் பின்னறையில் அவர் பதிவு செய்ததுதான். சித்தி அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்று, வெளிவராத பதிவுகளை ஒவ்வொன்றாக அழிக்கவைத்தாள்; வெளிவந்தவை விற்றுப்போனவை, இனி அவளுடையவை அல்ல.

“ஒண்ணும் மிச்சம் வைக்காதீங்க அத்தான்.”

“அங்க வாயே திறக்கக் கூடாதாமே. ஒரு நாள் தாங்குவியா நீ?”

“நீங்க எங்க அக்காகூட இத்தனை வருஷம் வாயத் திறக்காம குப்பை கொட்டலையா?”

வாசற்படியில் நின்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்கு இருந்தது ஒரே தங்கை.

எனக்கு அப்போது பதினாறு. இரண்டு வருடத்தில் நானும் கிளம்பி, எட்டு வருடம் ஊர் ஊராக அலைந்துவிட்டு இந்த வருடம்தான் திரும்பினேன். வந்த மூன்றாம் நாள் மத்தியானம், பின்னறையிலிருந்து யாரோ மூச்சு இழுக்கும் சத்தம்.

“உள்ள யாருப்பா படுத்திருக்கா?”

“உங்க சித்தி” என்றார் அப்பா, மணி சொல்வதுபோல.

பாட்டைச் சுத்தம் செய்யும்போது, வரிகளுக்கு நடுவே பாடுகிறவர் இழுக்கும் மூச்சை வெட்டி எடுப்பார்கள். வெட்டியதையெல்லாம் அப்பா ஒரே இடத்தில் போட்டு வைத்திருக்கிறார்.

“மூச்சு பாட்டில்லையே, அதனால அதை அழிக்கணும்னே தோணல. மறந்தும் போச்சு. போன வருஷம் உங்கம்மாதான் தோண்டி எடுத்தா.”

தினமும் மூன்று மணிக்கு அம்மா ஸ்பீக்கரில் காதை வைத்துக்கொண்டு உட்காருகிறாள். நாற்பத்தேழு நிமிடம். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எத்தனையோ ரயில் நிலையங்களில் முன்பின் தெரியாதவர்களின் மூச்சுக்கு நடுவே தூங்கியவள் நான். இது தூங்குகிறவளின் மூச்சு இல்லை, ஏதோ சொல்ல வாயெடுத்தவளின் மூச்சு. இழுத்தாள், மறுபடி இழுத்தாள், இழுத்துக்கொண்டே போனாள். ஒரு தடவைகூட வெளியே விடவில்லை.

“போதும்மா, நிறுத்து.”

“உனக்கென்னடி, கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுத் திரியறவ. பாட்டு ஊருக்கே இருக்கு. எனக்கு அவ இவ்வளவுதான் இருக்கா.”



போன வாரம் ஓர் அஞ்சலட்டை வந்தது. பத்து வருடத்தில் முதல் தடவை. சித்தியின் சாய்ந்த கையெழுத்து. அப்பா படித்துவிட்டு அம்மாவிடம் நீட்டினார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் படித்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

“அத்தான், ஒரு வருஷமா தினமும் மூணு மணிக்கு என்னால மூச்சு இழுக்க முடியல. நாற்பத்தேழு நிமிஷம். அப்புறம் தானா வந்துடுது. எதை மிச்சம் வச்சீங்க?”