குலசாமி பேர்

பர்மாவிலிருந்து வந்த எனக்கு, உள்ளூர்க்காரன் என்ற சான்றிதழ் இல்லாவிட்டால் கல்லூரியில் வெளிநாட்டுக்காரர் கட்டணம். அதைக் கொடுக்க அன்றுதான் கடைசி நாள். அப்பா ரங்கூனிலேயே இறந்துவிட்டார். அம்மா பர்மியப் பெண். அவளைப் பார்த்தால் காரியம் கெட்டுவிடும் என்று, அப்பாவின் ஊரான ஆத்தூரில் கிராம முன்சீப் வீட்டு வாசலிலேயே அவளை நிறுத்திவிட்டு உள்ளே போனேன்.

"உங்கப்பன் இந்த ஊருங்கிற. குலசாமி எது, அப்பு?" என்றார் முன்சீப்.

எனக்குத் தெரியவில்லை. சான்றிதழ்க் காகிதத்தைத் திருப்பி நீட்டினார். "குலசாமி தெரியாதவனுக்கு எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

கும்பிட்டு அழுதேன். அப்போது வாசலிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"சோணைச்சாமி. கம்மாக்கரை. அவர் தெனம் கும்பிடும். இப்ப நான் கும்பிடும்."

முன்சீப் கையெழுத்துப் போட்டார். "அந்தம்மா யாருப்பா?"

பதில் சொல்லக் கொஞ்சம் தயங்கினேன். அந்தத் தயக்கம் வாசல்வரை கேட்டிருக்கும்.