மூவர் இருக்கையில் நான்காவது ஆள்

ஹெல்சிங்கி டிராமில் இருவர் அமரும் இருக்கைகளில் ஒவ்வொருவராக உட்கார்ந்திருப்பார்கள், மற்றவர்கள் நிற்பார்கள். வந்த புதிதில், நின்றுகொண்டிருந்த ஒரு மூதாட்டிக்காக நகர்ந்து, பக்கத்து இடத்தைக் காட்டினேன். நான் இறங்கப்போகிறேன் என்று நினைத்து அவர் "ஆன்டேக்ஸி" என்று மன்னிப்புக் கேட்டு வழிவிட்டார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் இறங்கிவிட்டேன். பிறகு நானும் பையைப் பக்கத்து இருக்கையில் வைக்கப் பழகினேன். யாரும் உரசாத பயணம் எனக்குப் பிடித்துப்போனது.

சென்ற விடுமுறையில் ஊருக்கு, முடிச்சூருக்கு வந்திருந்தபோது, அக்காவும் நானும் சிங்கப்பெருமாள் கோவிலுக்குப் போகத் தாம்பரத்தில் ரயில் ஏறினோம். மூவர் இருக்கையில் ஜன்னலோரம் அக்கா, நடுவில் ஒரு கல்லூரி மாணவி, ஓரத்தில் நான். வண்டலூரில், ஆலை வேலைக்குப் போகும் ஒருவர் சாப்பாட்டுப் பையோடு ஏறினார்.

"சார், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

அவரைப் பார்த்தேன், நகரவில்லை. மறுத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர் கேட்டது என் உடம்புக்கு எட்டவில்லை.

எதிரில் இருந்தவர் கேட்டார்: "இன்னா சார், சீட்டுக்குப் பட்டா வாங்கிகினு வந்துகீறியா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அக்கா எழுந்துவிட்டாள். "நீங்க இங்க உக்காருங்கண்ணா."

"நீ ஏம்மா எழுந்துக்கிற? சார் கொஞ்சூண்டு தள்ளுனா போதும்" என்றார் சாப்பாட்டுப் பைக்காரர்.

"பரவால்லண்ணா. தம்பி ஃபாரின்ல இருக்கான். அவனுக்கு இதெல்லாம் பழக்கமில்ல."

குத்தலாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்காகச் சமாதானம் சொல்லும் குரல் அது. அவர் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார்.

இதே தடத்தில் நாங்கள் சேர்ந்து வேலைக்குப் போன காலத்தில், நான்காவது ஆள் கேட்கும் முன்பே அக்கா என் விலாவில் ஒரு இடி இடிப்பாள், நான் நகர்வேன். தங்கமான பையன் என்று பெயர் வாங்கினேன். அதில் பாதி அவளுக்குச் சேர வேண்டிய பெயர். போன ஊர் எங்களை மாற்றிவிட்டது என்று புலம்பெயர்ந்தவர்கள் சுலபமாகச் சொல்லிக்கொள்கிறோம். வேறு ஊர்களிலும் வேலை கிடைத்தபோது நான் ஏன் ஹெல்சிங்கியைத் தேர்ந்தெடுத்தேன்? எனக்குள் ஏற்கெனவே இருந்த ஒருவனுக்கு அது தோதாக இருந்தது. டிராமில் என் பையும் ஒரு இருக்கையை அடைத்ததால், அந்த ஊர் இன்னும் கொஞ்சம் நகராத ஊராகியிருக்கும்.

அவசரமாக எழுந்து, "அக்கா, நீ உக்காரு" என்றேன்.

"வேணாம்டா, இதோ வந்துடும்" என்றாள். பாதி வழியில் இருக்கும் கூடுவாஞ்சேரிகூட வந்திருக்கவில்லை.

நான் விட்ட இடத்தில், நின்றிருந்த இரண்டு பெண்கள் நெருங்கி உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள். நானும் அக்காவும் ஒரே கம்பியைப் பிடித்து நின்றோம். ரயில் குலுங்கும்போதெல்லாம், என்மேல் பட்டுவிடாமல் அவள் கவனமாக ஒதுங்கி நின்றாள்.