அப்பாவுக்காக ஏற்றிய ட்ரெபிள்

எங்கள் பக்கத்தில் வண்டியில் பாட்டு என்றால் அது தெருவுக்கே கேட்க வேண்டும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போகும் ஷிப்ட் வேன்கள் கொண்டுவந்த பழக்கம் அது. வேன் முனையில் திரும்பும் முன்பே அதன் பாஸ், அந்த அடி உறுமல், வந்து வீட்டுத் தகரக் கதவை அதிரவைக்கும். அதைக் கேட்டுத்தான் ஆட்கள் டிபன் பாக்ஸோடு ஓடுவார்கள். ஹாரனே தேவைப்படாது. எனக்கு அந்தச் சத்தம் ஆகாது. தபேலா தனியாகவும் பாடுகிற குரல் தனியாகவும் தெரிய வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். தொழிற்சாலையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஓட்டைக் காரில் உட்கார்ந்துகொண்டு இவருக்குக் கச்சேரி கேட்கிறதாம்.

கார் ஓட்டைதான். அத்திப்பட்டு மின்நிலையத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கினேன். அங்கே வருஷக்கணக்கில் வெயிலிலும் உப்புக் காற்றிலும் சாம்பலிலும் நின்ற வண்டி. அவர் போட்டிருந்த ஆம்ப்ளிஃபயர் முன்சீட்டுக்கு அடியிலேயே இருந்தது. பாட்டுப் போட்டால் பாட்டோடு சேர்ந்து ஒரு கொசுச் சத்தமும் வரும். ஆக்சிலேட்டரை மிதித்தால் கொசுவும் குரலை உயர்த்தும். காரணத்தை நானே கண்டுபிடித்தேன். ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயரைக் காரின் தகரத்தோடு முடுக்கியிருந்த போல்ட் உப்பு அரித்துப் பொடிப்பொடியாகக் கிடந்தது. பெயின்டைச் சுரண்டி, தகரம் பளபளவென்று தெரியும் வரை தேய்த்து, புது போல்ட் போட்டேன். கொசு போய்விட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கமாக இருக்கும்.

மற்ற வேலைகளுக்குத் தச்சூர் கூட்டு ரோட்டில் ஒரு கடைக்காரர் இருந்தார். கைவேலை சுத்தம். ஆனால் யார் வண்டி வந்தாலும் ஆம்ப்ளிஃபயரில் கெயின் திருகைக் கடைசி வரை திருகிவிட்டுத்தான் அனுப்புவார். கெயின் என்பது வால்யூம் கிடையாது. பாட்டு ஓடும் செட்டிலிருந்து வருகிற சத்தத்தை ஆம்ப்ளிஃபயர் எந்த அளவுக்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வைக்கிற இடம். அதை முழுக்கத் திறந்துவிட்டால் பாட்டு கிழியும். நான் குறைப்பேன். "ஏண்ணா, பணம் கட்டி வாங்கின ஆம்பை அடக்கி வெச்சிக்கினு இன்னாண்ணா பண்ணப் போற?" என்பார். அவர் திரும்பியதும் இன்னும் கொஞ்சம் குறைப்பேன். கதவுகளுக்குள் ரப்பர் ஷீட் ஒட்டினோம். பாட்டுக்குக் கதவுத் தகரமும் சேர்ந்து ஆடுவது நின்றது. செட்டிலிருந்து வரும் வயரை ஒரு பக்கமும் பேட்டரி வயரை இன்னொரு பக்கமும் பிரித்து ஓட்டினோம். எல்லாம் முடிந்து முதல்முறை கேட்டபோது, இந்த வண்டியில் இதற்கு மேல் வராது என்று எனக்குத் தோன்றியது.

அப்பாவுக்கு அப்படித் தோன்றவில்லை.

அவர் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் ஒரு ரோலிங் மில்லில் ஓய்வு பெறும் வரை வேலை பார்த்தவர். அவருடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். அதனால் மில் வேலை எங்கள் வீட்டில் பெரிய ஏற்றம். வண்டியில் அவர் இடம் முன்சீட்டு. அவர் எப்போதும் கேட்பது ஒரு பழைய பாட்டு, ஒரு பெண் தனியாகப் பாடுவது. அதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"மேளம்லாம் நல்லாத்தான் வருது. அந்தம்மா மட்டும் சாக்குக்குள்ள உக்காந்து பாடுது."

எனக்குச் சுருக்கென்றது. பெற்ற அப்பா சொல்லிவிட்டார் என்பதற்காக அல்ல, அவர் சொன்ன குறை என் காதுக்குத் தெரியவே இல்லை என்பதற்காக. இருந்தாலும் செட்டில் ட்ரெபிளை, அதாவது சத்தத்தின் மேல் பகுதியை, ஏற்றினேன். "இன்னும் சாக்குதான்." ஏற்றினேன். கதவிலிருந்த ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கர்களைக் கழற்றி, கண்ணாடிக்குப் பக்கத்தில் அவர் முகத்தைப் பார்க்கும்படி வைத்தோம். கடைக்காரர் இன்னும் நல்ல ட்வீட்டர் இருக்கிறது என்றார். அதையும் போட்டோம். அம்மா பின்சீட்டிலிருந்து, "டேய், பல்லு கூசுதுடா" என்றாள். அம்மாவுக்குப் பாட்டு ரசனை இல்லை என்று வைத்துக்கொண்டேன். வண்டி முழுவதையும் முன்சீட்டில் இருந்த ஒரே ஒரு ஆளுக்காகத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் வீட்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அம்மா திருவள்ளூரில் என் அக்கா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். நாலு நாள் இருந்துவிட்டு வருவதற்கு இல்லை. ஒரேயடியாக. சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தாலாவது பரவாயில்லை என்பதுதான் அவள் குறை.

"உங்கப்பாகிட்ட பேசினா பதில் வர்றதில்ல. நீ கேட்டா வாய் தொறக்குது, நான் கேட்டா பூட்டு. வேலையில இருக்கும்போதாவது களைப்புன்னு நெனச்சேன். இப்ப இன்னா களைப்பு? நான் செவுத்துக்கு வாக்கப்படலடா."

அவள் சொன்னது பொய் இல்லை. நானே பார்த்திருக்கிறேன். அடுப்பங்கரையிலிருந்து ஏதோ கேட்பாள். அப்பா டிவியைப் பார்த்தபடி அசையாமல் இருப்பார். நான் பக்கத்தில் போய்க் கேட்டால் உடனே பதில் சொல்வார். போதாக்குறைக்கு அந்தச் சைகை. ரோலிங் மில்லில் யாரும் பேசிக்கொள்வதில்லை, பேசினாலும் கேட்காது. எல்லாம் கைதான். ஒரு விரலை மேலே நீட்டிச் சுற்றினால் கிரேன் தூக்க வேண்டும். கையை மட்டமாக நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்தால் போதும், அங்கேயே நிறுத்து என்று அர்த்தம். அப்பா சாப்பிடும்போதும் இதே பாஷைதான். விரலைச் சுற்றினால் சோறு, கையை மட்டமாக நீட்டினால் போதும். "நான் இன்னா கிரேனா?" என்று அம்மா கரண்டியோடு நிற்பாள். சின்ன வயதில் எங்களுக்கு அது வேடிக்கை. அவளுக்கு ஒருநாளும் அது வேடிக்கையாக இருந்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அக்கா வீட்டில் ஒரு அறையை ஒழித்து வைத்துவிட்டார்கள். அப்பாவிடம் நான்தான் சொன்னேன். "போவட்டும்" என்றார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. என்ன மனுஷன் என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மூவரும் புறப்பட்டோம். டிக்கி முழுவதும் பாஸுக்காகப் போட்ட வூஃபர் பெட்டி இருந்ததால் அம்மாவின் துணிப்பை அவள் மடியில்தான் இருந்தது. பாட்டாவது ஓடட்டும், இல்லையென்றால் மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும் என்று அதே பழைய பாட்டைப் போட்டேன். கவரைப்பேட்டை தாண்டியதும் அப்பா சொன்னார்.

"புதுசு மாத்தியும் சாக்குதான்டா."

அம்மா வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள், இவருக்குச் சாக்குதான் கவலை. எனக்குப் பொறுக்கவில்லை. இன்றைக்கு இதற்கு ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று கூட்டு ரோட்டில் கடைக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினேன். நான் இறங்கிக்கொள்ள, கடைக்காரர் என் சீட்டில் உட்கார்ந்தார். பாட்டைக் கேட்டார், காதைச் சொறிந்தார். ட்வீட்டரில் கோளாறு இருந்தால் தெரிந்துவிடும் என்று போனில் எதையோ எடுத்தார். ஒரே விசில் மாதிரி ஒரு சத்தம், அடியில் உறுமலாகத் தொடங்கி மெல்ல மெல்ல உச்சிக்கு ஏறும். எந்த இடத்தில் ஸ்பீக்கர் பிசிறடிக்கிறதோ அங்கே கோளாறு.

உறுமல் ஏறியது. அப்பா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அது விசிலாகி, கம்பியாகி, ஊசியானது. நான் கதவுக்கு வெளியே நின்றும் முகத்தைச் சுளித்தேன். அம்மா பையைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "நிறுத்துப்பா, மண்டை பொளக்குது!"

அப்பா கண்ணாடியைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"ஏன் நிறுத்திட்ட? போடு."

கடைக்காரர் கிண்டல் என்று நினைத்துச் சிரித்தார். சத்தமோ அப்பாவின் முகத்துக்கு நேராக ஓடிக்கொண்டிருந்தது. கடைக்காரர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கிண்டல் இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். அவர் சிரிப்பு நின்றது. போனில் விரலை வைத்துச் சத்தத்தைக் கீழே இழுத்துக்கொண்டே வந்தார். ரொம்பக் கீழே வந்த பிறகு அப்பா சொன்னார்.

"ஆங், இப்ப வருது."

ட்வீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. மில்லில் காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். அதைப் போட்டால் கிரேன் மணி கேட்காது, கம்பி காலில் விழும் என்று எல்லோரும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார்கள். அப்பாவே இதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். மில் இரைச்சலில் அவர் காது இழந்தது சத்தத்தின் மேல் பகுதியைத்தான். மேளம் போகவில்லை, என் தடித்த குரல் போகவில்லை. பேச்சில் ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டுகிற கூர்மைதான் போயிருந்தது. அம்மாவுக்கு மெல்லிய குரல். அதுவும் முதுகுக்குப் பின்னாலிருந்து.

இதையெல்லாம் நான் யோசித்து முடிப்பதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. காதிலிருந்து கையை எடுத்தாள். அப்பாவின் முதுகைப் பார்த்து, எப்போதும் பேசுகிற அதே குரலில் சொன்னாள்.

"இந்தாயா, நான் போறேன். கேக்குதா?"

அப்பா திரும்பவில்லை.

அவள் முன்னால் குனிந்து அவர் தோளைத் தட்டினாள். திரும்பினார். அவர் முகத்துக்கு எதிரே கேட்டாள். "இவ்ளோ நாளா நான் பேசினது எதுவுமே உனுக்குக் கேக்கலியா?"

அப்பா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ என்கூட பேசறதயே உட்டுட்டேன்னு நெனச்சுக்கினு இருந்தேன்மே."

கடைக்காரர் இறங்கி ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போய்விட்டார். ஸ்க்ரூடிரைவர் அவர் பையிலேயே இருந்தது. நானும் டயரைப் பார்ப்பது போல் வண்டியைச் சுற்றிவந்தேன். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கத்தான்.

அக்கா காத்திருப்பாள் என்பதால் திருவள்ளூருக்குப் போனோம். அப்பா முன்சீட்டை விட்டுப் பின்னால் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பார்த்துப் பார்த்துத் திருப்பி வைத்த ட்வீட்டர்கள் காலி சீட்டுக்குப் பாடிக்கொண்டு வந்தன. பிறகு பாட்டை நிறுத்திவிட்டேன். அக்கா வீட்டில் சாப்பிட்டோம். ஒழித்து வைத்த அறையில் அப்பா படுத்துக் கொஞ்சம் தூங்கினார். காது டாக்டரிடம் போக வேண்டும் என்று பேச்சு வந்தது. அம்மா தங்கப்போவதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சாயங்காலம் நான் சாவியை எடுத்தபோது துணிப்பை மறுபடி வண்டியில் இருந்தது. இந்த முறை அப்பா மடியில்.

பெரியபாளையம் தாண்டியதும் அப்பா பாட்டுப் போடச் சொன்னார். போட்டேன்.

"எனுக்கு வேணாம்டா. அவளுக்கு எப்டி வேணுமோ அப்டி வெய்."

ட்ரெபிளைக் குறைத்தேன். இன்னும் குறைத்தேன். அந்தப் பெண்ணின் குரல் மெல்ல ஊசித்தன்மை போய்ச் சாதாரணக் குரலானது. கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தேன். கையை மட்டமாக நீட்டி, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்தாள்.

அப்பா அந்தக் கையைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்.

"போதுண்டா. அங்கயே நிறுத்து."